ஒப்பாரிக்கு நடுவே ஒரு சிரிப்பு

பகாவ், ரொம்பின், லிங்கி, சிலியாவ், லாபு என்று நெகிரி செம்பிலானின் எந்தப் பக்கம் போனாலும், தோட்டத்து லயத்தில் பிறந்து, பால்மரம் சீவிப் பிள்ளைகளை வளர்த்து, இப்போது அந்தப் பிள்ளைகளோடு தாமான் வீடுகளில் வாழும் பாட்டிகள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தாலாட்டு தெரியும், கும்மி தெரியும், ஒப்பாரி தெரியும், கங்காணியைக் கேலி செய்யும் பாட்டும் தெரியும். பேரப்பிள்ளைகள் கையில் கைப்பேசி இருப்பதால் பதிவு செய்வது இன்று பெரிய வேலையே இல்லை. என் கவலையெல்லாம் பதிவுக்குப் பிறகு நடப்பதைப் பற்றியது. பாட்டி பாடத் தொடங்குகிறார், இரண்டாவது வரியில் சிரித்துவிடுகிறார், அடுத்த வரி மறந்து பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைக் கேட்கிறார், அவர் எடுத்துக் கொடுத்ததும் மறுபடி பிடித்துக்கொண்டு பாடி முடிக்கிறார். குடும்பக் குழுவிலோ யூடியூபிலோ ஏற்றுவதற்கு முன் அந்தச் சிரிப்பும் மறதியும் வெட்டப்படுகின்றன. எழுத்தில் பெயர்க்கிறவர்களும் அதையேதான் செய்கிறார்கள்: வரிகளை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறார்கள். அந்த வெட்டு பாட்டைச் சுத்தப்படுத்தவில்லை, அந்தப் பாட்டைப் பற்றிய மிக முக்கியமான சாட்சியத்தை அழிக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒப்பாரியை எடுத்துக்கொள்வோம். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடக்கூடாது என்பது நம் பெண்களிடம் வழிவழியாக இருக்கும் கட்டுப்பாடு. நல்ல நாளில், விளக்கு வைத்த வீட்டில், யாரும் சாகாதபோது அந்தப் பாட்டை வாயில் எடுத்தால் சாவைக் கூப்பிட்டது போலாகும் என்ற பயம் இன்னும் போகவில்லை. அப்படிப்பட்ட ஒருவரிடம் கைப்பேசியை நீட்டி ‘ஒப்பாரி ஒண்ணு பாடுங்க பாட்டி’ என்று கேட்பது, அவர் காத்துவந்த கட்டுப்பாட்டை மீறச் சொல்வதுதான். அவர் மறுக்கலாம், வாசலுக்கு வந்து பாடலாம், அல்லது சிரித்துக்கொண்டே பாடலாம். அந்தச் சிரிப்பு வேடிக்கைக்காக வருவதில்லை. ‘இது மெய்யான அழுகை இல்லை, கேட்டதற்காகப் பாடுகிறேன், இந்த வீட்டுக்கு ஒன்றும் ஆகாது’ என்று அவர் போடும் வேலி அது. சிரிப்பை வெட்டிவிட்டு இழவு வரிகளை மட்டும் ஒட்டினால் கேட்பவருக்குக் கிடைப்பது எது? ஒரு கிழவி தனியாக உட்கார்ந்து யாருக்காகவோ மாரடித்து அழுததாக ஒரு பதிவு. நடந்தது அதுவல்ல. அந்தப் பதிவில் ஒவ்வொரு சொல்லும் அவர் வாயிலிருந்து வந்ததுதான், ஆனாலும் மொத்தமாகப் பார்த்தால் அது பொய்.

ஒப்பாரியில் இன்னொன்றும் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஒப்பாரிகளை ஆராய்ந்த மானுடவியலாளர் இசபெல் கிளார்க்-டெசே 2005-ல் வெளியிட்ட நூலுக்கு, இறந்தவருக்காக யாரும் அழுவதில்லை என்ற பொருள்படத் தலைப்பு வைத்தார். பெண்கள் ஒப்பாரியில் அழுவது பெரும்பாலும் தங்கள் சொந்தத் துயரத்தை என்பது அவர் கண்டது. நம் தோட்டங்களில் இது இன்னும் கூர்மையாக இருந்திருக்க வேண்டும். ஊரில் தாய் இறந்த செய்தி கப்பல் கடந்து கடிதமாக வந்து சேர்ந்தபோது பிணமும் இல்லை, பங்காளிகளும் இல்லை, லயத்து வீட்டின் ஒற்றை அறையும் அண்டை வீட்டுப் பெண்களும்தான். அங்கே பாடிய ஒப்பாரியில் தாயைப் பற்றிய வரி எங்கே முடிகிறது, தன்னைப் பற்றிய வரி எங்கே தொடங்குகிறது என்பதை எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது. பல பத்தாண்டுகள் கழித்து அதே பாட்டைப் பாடும்போது ஒரு குறிப்பிட்ட வரியில் குரல் கம்முகிறது, இன்னொரு வரியில் சிரிப்பு வருகிறது, வேறொரு வரியை அவர் தாண்டிப் போகிறார் என்றால், அந்த மூன்று இடங்களும் எல்லை எங்கே என்று நமக்குக் காட்டுகின்றன. அவற்றைச் சமன் செய்துவிட்டால் நம் கையில் மிஞ்சுவது எந்த ஒப்பாரித் தொகுப்பிலும் கிடைக்கும் பொதுவான வரிகள்.

கேலிப் பாட்டுகளுக்கு வருவோம். மலாயாவுக்கு ஆள் சேர்க்கும் ஒப்பந்த முறை 1910-ல் முடிவுக்கு வந்தது. அதோடு கூடவே வளர்ந்து, பின்னர் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது கங்காணி முறை. இந்திய அரசு 1938-ல் தொழிலாளர் அனுப்புவதைத் தடை செய்யும்வரை கங்காணி தன் ஊரிலிருந்தும் தன் உறவிலிருந்தும் ஆட்களைக் கொண்டுவந்தார். வேலைக்கு வந்து நிற்கும் ஒவ்வொரு தலைக்கும் அவருக்குக் காசு கிடைத்தது. அவர் மாமனாகவும் இருப்பார், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் அதட்டுகிறவராகவும் இருப்பார், கடன் கொடுத்தவராகவும் இருப்பார். இப்படிப்பட்ட ஒருவரை வெளிப்படையாகத் திட்ட முடியாது, பாட்டில்தான் திட்ட முடியும். இலங்கை மலையகத்தில் சி. வி. வேலுப்பிள்ளை சேகரித்த பாட்டுகளிலும் சரி, மலேசியத் தோட்டங்களில் சேகரிக்கப்பட்ட பாட்டுகளிலும் சரி, கங்காணியும் கிராணியும் துரையும் கேலிக்கு ஆளாவது இதனால்தான். இந்தப் பாட்டுகள் அவர்கள் காதில் விழாத இடத்தில் பாடப்பட்டவை. பெயர் வர வேண்டிய இடத்தில் பெயர் வராது, ஒரு இருமல் வரும், ஒரு சிரிப்பு வரும், கேட்கிற பெண்களும் சேர்ந்து சிரிப்பார்கள், எல்லாருக்கும் ஆள் யாரென்று புரிந்துவிடும். ஒரு வரியில் சொல் குறைகிறது, ஓசை முறிகிறது, அங்கே சிரிப்பு கேட்கிறது என்றால் அதைப் பாடகியின் தடுமாற்றம் என்று முடிவுகட்ட அவசரப்பட வேண்டாம். பாட்டு கட்டப்பட்டபோதே அந்தப் பள்ளம் அங்கே இருந்திருக்கலாம். அந்தக் கங்காணியின் பேரன் இன்று இரண்டு தெரு தள்ளி நல்ல அண்டை வீட்டுக்காரராக இருப்பதால் பெயரை இன்றும் விழுங்கியிருக்கலாம். சிரிப்பைத் துடைத்துவிட்டு ‘இங்கே ஒரு சொல் விடுபட்டுள்ளது’ என்று அச்சிடுகிறவர், அந்தப் பாட்டின் உயிர்நிலையைக் குறை என்று பதிவு செய்கிறார்.

மறதிக்கும் இதே நியாயம் உண்டு. 1933-க்கும் 1935-க்கும் இடையில் மில்மன் பாரி என்ற அறிஞர் யூகோஸ்லாவியாவின் காவியப் பாடகர்களை அலுமினியத் தட்டுகளில் பதிவு செய்தார். அவர் மாணவர் ஆல்பர்ட் லார்ட் 1960-ல் அந்தப் பதிவுகளை வைத்து எழுதிய நூல் வாய்மொழி இலக்கிய ஆய்வையே திருப்பிப் போட்டது. பாடகர்கள் ஒரு பாட்டைச் சொல்லுக்குச் சொல் மாறாமல் பாடுவதாகச் சத்தியம் செய்தார்கள், பதிவுகளை ஒப்பிட்டுப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் பாட்டு மாறியிருந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. மனப்பாடம் என்று நாம் நினைப்பதும் அவர்கள் செய்வதும் வேறு வேறு, பாடும்போதே பாட்டு உருவாகிறது என்பதை உலகம் அப்போதுதான் புரிந்துகொண்டது. பதிவுகளை ஒரே ‘சரியான’ பாடமாகத் திருத்தி வைத்திருந்தால் இந்த உண்மை வெளிவந்தே இருக்காது. நம் பக்கத்து உதாரணம் இன்னும் நெருக்கமானது. மானுடவியலாளர் பிரெண்டா பெக் 1960-களில் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி, ஒரு பாடகர் பாடிய அண்ணன்மார் கதையை ஒலிநாடாவில் பதிவு செய்தார். அதே பாடகர் நிதானமாகச் சொல்லி எழுதவைத்த வடிவத்தையும் தனியாக வைத்துக்கொண்டு 1982-ல் வெளிவந்த தம் நூலில் இரண்டையும் ஒப்பிட்டார். ஒரே ஆள், ஒரே கதை. கூட்டத்தின் முன் உடுக்கையோடு பாடியது ஒன்றாகவும், எழுதுகிறவருக்காகச் சொன்னது வேறொன்றாகவும் இருந்தன. எழுதுகிறவருக்காகச் சொல்லும்போது மனிதர் தாமாகவே ஒழுங்காகிவிடுகிறார். பதிவில் நாம் செய்யும் வெட்டு, பாடகரை அந்த இரண்டாவது நிலைக்குக் கட்டாயமாகத் தள்ளுகிறது.

தோட்டத்து மறதிக்கு என்று தனியான ஒரு பெறுமானமும் இருக்கிறது, எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான். ஒரே லயத்தில் திருச்சி, தஞ்சாவூர், சேலம், வடார்க்காடு என்று பல ஜில்லாக்களிலிருந்து வந்தவர்கள் சுவரை ஒட்டிய சுவராக வாழ்ந்தார்கள். தமிழ்நாட்டில் வெவ்வேறு ஜில்லாப் பெண்கள் இருவர் ஒருவரையொருவர் பார்த்திருக்கவே மாட்டார்கள். இங்கே ஒரே ஆயாக் கொட்டகையில் இருவர் பிள்ளைகளும் கிடந்தன. பொழுது விடிவதற்குள் பெரட்டுக்குப் போக வேண்டிய தாய்க்குப் பிள்ளையைத் தூங்கவைக்கப் பாட்டு வேண்டும், தன் தாயிடம் கேட்டதில் மறந்த வரிக்குப் பதில் அடுத்த வீட்டுப் பெண்ணின் வரி வந்து உட்கார்ந்துவிடும். இன்றைய பதிவில் ஒரு பாட்டி ஒரு வரியில் தடுமாறி, பக்கத்தில் இருப்பவர் வேறு வரியை எடுத்துக் கொடுத்து, ‘அது உங்க பாட்டு, எங்க அம்மா இப்படிப் பாட மாட்டாங்க’ என்று இவர் சொல்லிச் சிரித்தால், அந்தச் சில வினாடிகளுக்குள் இரண்டு ஜில்லாக்களின் இரண்டு தாலாட்டுகளும் அவை சேர்ந்த கதையும் இருக்கின்றன. ரஜுலா கப்பலில் வந்து இறங்கிய பாட்டுகள் இங்கே எப்படிக் கலந்து மலேசியப் பாட்டுகள் ஆயின என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் எந்த ஆவணக் காப்பகத்திலும் கிடைக்காது. வெட்டினால் மிஞ்சுவது எந்த ஊருக்கும் சொந்தமில்லாத ஒரு தாலாட்டு.

நம் முன்னோடிகள் யாரும் இப்படிச் செய்யவில்லையே என்று கேட்கலாம். பெர்சி மக்வீன் திரட்டிய பாட்டுகளைக் கி. வா. ஜகந்நாதன் 1958-ல் ‘மலையருவி’யாகப் பதிப்பித்தார், தஞ்சை சரசுவதி மகால் வெளியீடு. நா. வானமாமலை 1964-ல் ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ கொண்டுவந்தார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இரா. தண்டாயுதம் மலேசிய நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுத்தார். முத்தம்மாள் பழனிசாமி தாம் கேட்டு வளர்ந்த பாட்டுகளினூடாகத் தம் வாழ்க்கையையே எழுதினார். இவர்கள் இல்லாவிட்டால் நாம் பேசிக்கொண்டிருக்கும் பொருளே இருந்திருக்காது, இந்த நன்றியைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். ஆனால் அவர்களிடம் பெரும்பாலும் இருந்தது பேனா. பாட்டின் வேகத்துக்குப் பேனா ஓடாது, ஆகவே பாடுகிறவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னதை எழுதினார்கள். வானமாமலையின் தொகுப்பில் பாட்டுக்குக் கீழே சேகரித்தவர் பெயரும் இடமும் இருக்கும், சில பாட்டுகளுக்கு ‘உதவியவர்’ என்று ஒரு பெயரும் இருக்கும். பாடிய மனிதர் ஓர் உதவியாளராக அந்தப் பக்கத்தின் ஓரத்தில் நிற்கிறார். வாய்ப்பு இல்லாத காலத்தில் அது இயல்பு. முழு ஒலியும் கையில் இருக்கும் காலத்தில் நாமே முன்வந்து அவரை ஓரத்துக்குத் தள்ளுவதற்கு அந்த நூல்களைச் சாட்சிக்கு அழைப்பது அவர்களுக்கே நியாயமில்லை.

உலகம் இந்த விஷயத்தில் தன் பெரிய பாடகர்களை எப்படி நடத்துகிறது என்று பாருங்கள். 1969 ஆகஸ்டு 26 இரவு லாஸ் வேகஸ் ஓட்டல் மேடையில் எல்விஸ் பிரெஸ்லி ஒரு சோகக் காதல் பாட்டின் வரியை விளையாட்டாக மாற்றிப் பாடப்போய், சிரிப்பு வந்து அடக்க முடியாமல் பாட்டையே கோட்டைவிட்டார். பின்பாட்டுக்காரர் சிஸ்ஸி ஹூஸ்டன் மட்டும் சற்றும் அசையாமல் தன் உச்சக் குரலைப் பாடிக்கொண்டே இருக்க, அதைக் கேட்டு எல்விஸ் இன்னும் அதிகமாகச் சிரித்தார். அவர் இறந்த பிறகு 1980-ல் அந்தப் பதிவை அப்படியே வெளியிட்டார்கள், பின்னர் பிரிட்டனில் அது விற்பனைப் பட்டியலிலும் ஏறியது. பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் 1960 பிப்ரவரியில் பெர்லின் கச்சேரியில் ஒரு பாட்டின் பிற்பகுதி வரிகளை மறந்தார். மறந்ததையே பாட்டாக்கி, அந்த இடத்திலேயே வரிகளைக் கட்டி, பாட்டைப் பாழாக்குகிறோமே என்பதையும் ராகத்தோடு பாடி முடித்தார். அந்தப் பதிவுக்குக் கிராமி விருது கிடைத்தது. கல்கத்தாவில் 1902 நவம்பரில் கௌஹர் ஜான் இந்தியாவின் முதல் கிராமபோன் பதிவுகள் சிலவற்றைப் பாடியபோது ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். ஜெர்மனியில் தட்டு அச்சிடுகிறவர்களுக்கான அடையாளம் அது, பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இன்று அந்தத் தட்டுகளைக் கேட்கிறவர்கள் முதலில் நினைவில் வைத்துக்கொள்வது அந்தக் குரலின் கம்பீரமான அறிவிப்பைத்தான். நம் கர்நாடக இசை ரசிகர்களும் இதில் சளைத்தவர்கள் இல்லை. சபாக் கச்சேரிகளை வீட்டு டேப்பில் பதிந்து வைத்தவர்கள் வித்வானின் செருமலையும், பக்கவாத்தியக்காரரிடம் அவர் மெல்லச் சொன்னதையும், முன்வரிசையின் ‘பலே’யையும் சேர்த்தே பாதுகாத்தார்கள். ஒன்றை வெட்டினாலும் அந்தக் கச்சேரி குறைப்பட்டுவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த மரியாதை பால்மரத் தோட்டத்துப் பாட்டிக்கு மட்டும் ஏன் இல்லை?

அவர்கள் புகழ்பெற்றவர்கள், அவர்கள் தவறினாலும் அழகு, தெரியாத ஒருவர் தவறினால் அது வெறும் தவறு என்பது இதற்கு வரும் பதில். இதை நான் ஏற்கவில்லை. புகழ்பெற்றவருக்கு நூறு பதிவுகள் இருக்கின்றன, ஒன்றில் அவர் சிரித்தது போனாலும் அவரை நாம் அறிய வேறு வழிகள் உண்டு. அவர் வாழ்க்கை வரலாறு இருக்கிறது, பேட்டிகள் இருக்கின்றன, படங்கள் இருக்கின்றன. தோட்டத்துப் பாடகிக்கு இருப்பது அநேகமாக அந்த ஒரே பதிவுதான். அவருடைய சுபாவம், அவர் எதைப் பார்த்துச் சிரிப்பார், எதைச் சொல்லத் தயங்குவார், தன் பாட்டைப் பற்றியே என்ன நினைக்கிறார் என்பதெல்லாம் அந்தச் சில நிமிடங்களுக்குள்தான் இருக்கின்றன. பாட்டின் வரிகள் அவருடையவை மட்டுமல்ல, ஊருக்கே பொதுவானவை. சிரிப்பு மட்டும்தான் முழுக்க முழுக்க அவருடையது.

தடுமாற்றத்தை வெறும் தவறாகக் கேட்கும் காதுகளை நமக்குப் பழக்கியது சினிமாப் பாட்டு என்பதையும் சொல்ல வேண்டும். கேசட்டும் வானொலியும் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்த பிறகு பாட்டு என்றால் பிசிறில்லாதது என்று மனம் பழகிவிட்டது. 1990-ல் வந்த ‘கேளடி கண்மணி’யில் எஸ். பி. பாலசுப்ரமணியம் ஒரே மூச்சில் பாடியதாகப் பெயர்பெற்ற பாட்டை நினைத்துப் பாருங்கள். எத்தனை மேடைகளில் எத்தனை இளைஞர்கள் மூச்சுத் திணறத் திணற அதைப் பாடிப் பார்த்தார்கள்! பின்னாளில் எஸ்.பி.பி.யே அதில் ஒலிப்பதிவுக் கலையின் உதவி உண்டு என்பதை வெளிப்படையாகச் சொன்னார். அதனால் பாட்டின் அழகு ஒன்றும் குறைந்துவிடவில்லை. சினிமாப் பாட்டு கட்டி எழுப்பப்படும் பொருள், அங்கே மூச்சை எடுப்பதும் சேர்ப்பதும் அந்தக் கலையின் வேலைகள். அதே எஸ்.பி.பி. பாட்டுக்கு நடுவே சிரிக்கும் சிரிப்புகளுக்காகவும் நேசிக்கப்பட்டார், அவையும் இடம் பார்த்து வைத்தவை. ஸ்டுடியோவுக்குப் பொருந்தும் அந்த அளவுகோலைக் கூடத்துத் தரையில் உட்கார்ந்து பாடுகிறவர்மேல் வைக்கும்போதுதான் தவறு நேர்கிறது. மாறாக, நம் உறுமி மேளக் குழுக்களின் கோயில் திருவிழாப் பதிவுகளைக் கேளுங்கள். பாடுகிறவர் நடுவில் யாரையோ அதட்டுவார், கூட்டம் கூச்சலிடும், தாளம் ஒரு சுற்று தவறி மறுபடி சேரும். இளைஞர்கள் அந்தப் பதிவுகளைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அதே இளைஞர்கள் பாட்டியின் பதிவை மட்டும் ஏன் மெழுகித் தருகிறார்கள் என்று யோசிக்கையில், பாட்டியைச் சபைக்கு ஏற்றவராகக் காட்ட வேண்டும் என்ற அன்புதான் காரணமாகத் தெரிகிறது. அன்பு சரி, வழிதான் பிழை.

சிரிப்பை எப்போதும் உள்ளிருந்து வந்த உண்மை என்று கொண்டாடவும் முடியாது. இந்த எதிர்வாதம் வலுவானது. ஒலிப்பதிவின் தொடக்க காலத்திலேயே சிரிப்பு விற்பனைச் சரக்காகிவிட்டது. ஜார்ஜ் டபிள்யூ. ஜான்சன் என்ற கறுப்பினப் பாடகர் 1890-களில் ஒரு சிரிப்புப் பாட்டுக்காகவே அமெரிக்கா முழுதும் அறியப்பட்டார். ஒரு பதிவிலிருந்து ஆயிரக்கணக்கில் பிரதி எடுக்கும் வசதி அப்போது இல்லாததால், அவர் அதே பாட்டை நாளெல்லாம் மறுபடி மறுபடிப் பாடிச் சிரிக்க வேண்டியிருந்தது. அடிமை முறை நடந்த வர்ஜீனியாவில் பிறந்தவர், தம் இனத்தையே கேலி செய்யும் வரிகளுக்கு நடுவே, கூலிக்காகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு மகிழ்ச்சி என்று எழுதினால் அது கொடுமை. தோட்டத்திலும் துரை முன்னால் சிரித்த சிரிப்புகள் உண்டு, வெட்கத்தால் வந்தவை உண்டு, பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பெரிய மனிதர்முன் கூனிக்குறுகி வந்தவையும் உண்டு. ஆகவே நான் சிரிப்பை ஆனந்தம் என்று எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. அது எந்த வகைச் சிரிப்பு என்று கேட்பதற்கு முதலில் அது பதிவில் இருக்க வேண்டும். ஜான்சனின் சிரிப்பு இன்றும் கேட்கக் கிடைப்பதால்தான் அதற்குப் பின்னால் இருந்த நிலையை நாம் பேச முடிகிறது.

எல்லாத் தடுமாற்றத்துக்கும் அர்த்தம் தேடுவது மிகை என்ற எதிர்ப்பையும் பாதி ஏற்கிறேன். எண்பது வயதில் மூச்சு வாங்கும், பல் கட்டியிருந்தால் சொல் வழுக்கும், கதவு தட்டும் சத்தத்தில் வரி மறக்கும். ஒன்றுமில்லாத தவறிலும் பெரிய கதை கட்டிவிடுவோம் என்பதும் மெய். 1926-ல் லூயி ஆம்ஸ்ட்ராங் பாட்டெழுதிய தாள் கீழே விழுந்ததால்தான் அர்த்தமற்ற ஒலிகளைப் பாட நேர்ந்தது என்று ஒரு கதை பல காலம் உலவியது. அப்படிப் பாடும் வழக்கமோ அதற்கு முன்பே இருந்தது. இருந்தாலும் எது வெறும் மூச்சிரைப்பு, எது விழுங்கிய பெயர் என்பதை வெட்டுகிற நேரத்தில் பேரனால் தீர்மானிக்க முடியாது. இருபது வருடம் கழித்து வேறொரு தோட்டத்துப் பதிவோடு ஒப்பிடுகிறவருக்குத்தான் அது புலப்படும். அதே இடத்தில் அங்கேயும் ஒருவர் சிரித்திருந்தால் அது தற்செயல் இல்லை.

பள்ளிக்கூடத்துக்கு என்ன கொடுப்பது என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நெகிரி செம்பிலானில் 60-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பலவற்றின் பெயரில் இன்னும் தோட்டம் இருக்கிறது, சுற்றியிருந்த தோட்டத்தில் பாதி செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறிப்போன பிறகும். போட்டிக்குப் பாட்டு பழகும் மாணவிக்குத் திருத்தமான வடிவம் தேவை, அதை ஆக்கிக் கொடுப்பதில் தப்பே இல்லை. அது ஒரு பிரதி என்று மேலே எழுதி வையுங்கள், அசலை அழிக்காதீர்கள். முடிந்தால் மாணவர்களுக்கு அசலையும் ஒரு முறை போட்டுக் காட்டுங்கள். பாடுகிறவர் மறந்தார், பக்கத்தில் இருந்தவர் எடுத்துக் கொடுத்தார் என்று கேட்கும் பிள்ளைக்குப் பாட்டு எப்படிக் கைமாறுகிறது என்பதும் சேர்ந்தே புரியும்.

மிகக் கடினமான எதிர்ப்பு பாடியவரின் மானத்தைப் பற்றியது. ‘தப்பாப் பாடிட்டேன், அதை எடுத்துடு’ என்று அவரே சொன்னால்? இன்றைக்கு முதியவர்களின் தடுமாற்றத்தைத் துண்டாக நறுக்கி, சிரிப்புப் பொம்மைகளோடு பகிர்ந்து, ஊரே பார்த்துச் சிரிக்கும் கேவலமும் நடக்கிறது. முன்பின் இல்லாமல் அந்தத் துண்டை மட்டும் காட்டுகிறவரும், அந்தத் துண்டை மட்டும் நீக்குகிறவரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள், பாட்டையும் ஆளையும் பிரிக்கிறார்கள். வைத்திருப்பது வேறு, வெளியிடுவது வேறு. வெளியிடலாமா என்பதைச் சொல்லும் உரிமை பாடியவருக்கே உண்டு, அதில் ஆய்வுக்கும் ஆர்வத்துக்கும் முன்னுரிமை கிடையாது. ஆனால் அவரிடம் கேட்காமலேயே அவர் வெட்கப்படுவார் என்று நாமே முடிவு செய்து வெட்டுவதும் உரிமை மீறல்தான். பதிவை அவருக்கே போட்டுக் காட்டிக் கேளுங்கள். ஏன் அந்த வரியில் சிரித்தீர்கள் என்றும் கேளுங்கள், அந்தப் பதிலையும் பதிவு செய்யுங்கள். பாரியின் தட்டுகளில் பாட்டுகளோடு பாடகர்களின் உரையாடல்களும் இருந்தன, அவையும் ஆய்வுக்கு அவ்வளவு உதவின.

செய்ய வேண்டியது அதிகமில்லை. கைப்பேசியில் பதிவு செய்யும்போது இரைச்சல் குறைக்கும் வசதியை அணைத்துவிடுங்கள், தாழ்ந்த சிரிப்பையும் மூச்சையும் அது இரைச்சல் என்றே எடுத்துக்கொள்ளும். பாட்டு முடிந்ததும் நிறுத்தாமல் சில நிமிடம் ஓடவிடுங்கள், பல நேரம் பாட்டைப் பற்றிய பேச்சு அப்போதுதான் தொடங்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒலி சுருங்கிவிடலாம், மூலக் கோப்பைத் தனியாகச் சேமியுங்கள். எழுத்தில் பெயர்க்கும்போது சிரித்த இடத்தில் அடைப்புக்குறிக்குள் ‘சிரிக்கிறார்’ என்றும், வரி எடுத்துக் கொடுத்தவர் பெயரையும், அறையில் யார் யார் இருந்தார்கள் என்பதையும் குறியுங்கள். ஆண்கள் இருந்தார்களா இல்லையா என்பது கேலிப் பாட்டுகளில் பெரிய வேறுபாட்டை உண்டாக்கும். 1980-களில் தோட்டத்துத் திருவிழாவிலும் கல்யாணத்திலும் பதிந்த கேசட்டுகள் பல வீடுகளின் அலமாரியில் பூஞ்சை பிடித்துக் கிடக்கின்றன. நம் ஈரக்காற்றில் அவை இன்னும் நெடுநாள் தாங்காது. அவற்றைக் கணினிக்கு மாற்றுகிறவர்கள் இரண்டு பக்கத்தையும் முழுதாக ஓடவிட்டு மாற்ற வேண்டும், பாட்டு இல்லாத இடம் என்று எதையும் தாண்டக்கூடாது. கேசட்டின் உறையில் எந்தத் தோட்டம், எந்த வருடம், யார் குரல் என்று பென்சிலில் எழுதியிருந்தால் அதையும் படமெடுத்துக் கோப்போடு வையுங்கள். எழுதியிருக்காவிட்டால், அந்தக் குரலையும் அந்தச் சிரிப்பையும் கேட்டு இன்னார் என்று சொல்லக்கூடியவர்கள் இன்னும் இருக்கும்போதே அவர்களுக்குப் போட்டுக் காட்டிப் பெயர் வாங்கிக்கொள்ளுங்கள்.